சும்மா கையை நீட்டிட்டு நிக்கிறவ

தம்பி, அந்த சீட் வேண்டாம், இப்படி வாங்க. நான் ஜன்னலோரம் போயிடறேன். எனக்கொண்ணும் காத்து வேணும்னு இல்லை. கழுத்து இடது பக்கம் திரும்பாது, அவ்வளவுதான். நீங்க வலது பக்கம் இருந்தாத்தான் முகத்தைப் பாத்துப் பேச முடியும். மதுரை வரைக்கும் போறீங்களா? நல்லதாப் போச்சு, நானும் மதுரைதான். அப்படியே இந்தப் பையைக் கொஞ்சம் மேல வச்சிருங்க. நானே வைப்பேன், இந்த வலது கை தோளுக்கு மேல போகமாட்டேங்குது. காத்துப் பிடிப்பு. பாத்து, பாத்து, உள்ள பேத்திக்குப் பால்கோவா இருக்கு. ராஜபாளையத்துலயே வாங்கிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் நிக்கிற நேரத்துக்குள்ள இறங்கி ஏறவெல்லாம் நம்மால ஆகாது.

என்னைப் பாத்தா என்ன உத்தியோகம் மாதிரித் தெரியுது? வாத்தியாரா? சரியாச் சொல்லிட்டீங்க. ஆனா சாக்பீஸ் வாத்தியார் இல்லை. பி.டி. மாஸ்டர். குருவையா மாஸ்டர்னா எங்க ஊர்ல கைக்குழந்தைக்கும் தெரியும். ஊரு ராஜபாளையத்துக்குப் பக்கத்துல. ஆஸ்பத்திரியில கட்டு கட்டுறாங்களே வெள்ளைத் துணி, அது நெய்யிற ஊரு. எந்தத் தெருவுல போனாலும் தறிச் சத்தம்தான். மத்த ஸ்கூல்ல ஆண்டு விழான்னா சினிமாப் பாட்டைப் போட்டு இடுப்பை ஆட்டுவானுங்க. எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க பறப்பாங்க தம்பி. ஜிம்னாஸ்டிக்ஸ். பறக்க வச்சவன் நான்.

அப்பேர்ப்பட்ட எனக்கு இப்ப என்ன வேலை கொடுத்திருக்காங்க தெரியுமா? காலையில கேட்டுல நின்னுக்கிட்டு எவன் ஷூ போட்டிருக்கான், எவன் நகம் வெட்டியிருக்கான்னு பாக்கிற வேலை. நகம்! கரணம் போடச் சொல்லிக் கொடுத்தவன் நகம் பாக்கிறேன். எல்லாம் ஒருத்தியால.

ஷெர்லின்னு பேரு. நாகர்கோவில் தாண்டி எங்கயோ ஊரு. ஆளைப் பாத்தா ஈர்க்குச்சி. ஜிம்னாஸ்டிக்ஸுக்குன்னு தனியாப் படிச்சுட்டு வந்திருக்காளாம். அட, குட்டிக்கரணத்துக்குமா படிப்பு? எங்க ஸ்கூல் கமிட்டி செக்ரட்டரிக்கு திடீர்னு ஒரு ஆசை, நம்ம பிள்ளைங்க ஸ்டேட் லெவல்ல ஜெயிக்கணும்னு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், உங்களுக்கு ஒத்தாசைக்கு ஒரு கோச் போட்டிருக்கேன்"னாரு. ஒத்தாசைக்கு! நான் கேட்டேனா? எனக்கு என்ன கையா விளங்காமப் போச்சு? சரி, பெரிய மனுசன் சொல்றாரு, ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.

வந்த அன்னிக்கே, வணக்கம் சொன்ன வாய் மூடல, "சார், மேட் எங்க இருக்கு?"ன்னா.

மேட், அதான் கரணம் போடக் கீழ விரிக்கிற மெத்தை, ரூம்லதான் இருந்துச்சு. நானும் பெருமையாத்தான் திறந்து காட்டினேன். பழைய மாணவருங்க சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. நல்ல நீலம். ஒவ்வொண்ணும் இந்தத் தண்டி. வந்து இறங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே பிளாஸ்டிக் கவரோட அடுக்கி வச்சிருந்தேன். ஒரு பொட்டுத் தூசி பட விட்டதில்லை. இன்ஸ்பெக்ஷன் வந்தா வெளியே எடுத்து வைப்போம், அவங்க ஜீப்பு கேட்டைத் தாண்டினதும் துடைச்சு உள்ள வச்சுருவோம். வாங்கிக் கொடுத்தவங்க வந்து பாத்தா, "மாஸ்டர், புதுசு மாதிரியே வச்சிருக்கீங்களே"ன்னு மூக்கு மேல விரலை வைப்பாங்க. இவ என்ன பண்ணினா தெரியுமா? ஒரு கத்தரிக்கோல் கேக்கக்கூட பொறுமையில்லை. பல்லால கடிச்சுக் கவரைக் கிழிச்சா தம்பி, பல்லால! எனக்கு வயித்தைக் கிழிச்ச மாதிரி இருந்துச்சு.

கிழிச்சுட்டு மேட் மேல ஓங்கி ஒரு குத்து. மறுபடியும் ஒரு குத்து. "நல்ல மேட் சார், கைமுட்டி தரையில தட்டல"ன்னா. அப்புறம் நாங்க வழக்கமா விரிக்கிற ஜமக்காளத்து மேல ஒரு குத்து. "பாருங்க, இது தட்டுது. நீங்களும் குத்திப் பாருங்க சார்"னு என்கிட்டயே சொல்றா. ஜமக்காளம் தட்டாம பின்ன என்ன செய்யும்? அது என்ன இலவம்பஞ்சு மெத்தையா? ரெண்டு ஜமக்காளத்தை மடிச்சுப் போட்டு எத்தனை வருசமாப் பிள்ளைங்களைப் பறக்க விட்டவன் நான். என்னைப் போயி தரையைக் குத்திப் பாருன்னு சொல்ல இவ யாரு?

அத்தோட விட்டாளா? முதல் மாசம் பூராப் பிள்ளைங்களுக்கு என்ன கத்துக் கொடுத்தாங்கிறீங்க? விழறதுக்கு! ஆமா தம்பி, சிரிக்காதீங்க, விழறதுக்குத்தான் பாடம். "கீழ விழும்போது கையை ஊனாத மக்களே. நாடியை நெஞ்சோட ஒட்டு மக்களே. அப்படியே உருண்டுரு மக்களே." மக்களே மக்களேன்னு பத்து மாசம் சுமந்து பெத்தவ மாதிரி. விழறது யாருக்குய்யா தெரியாது? குடிகாரன் தினமும் விழறான், அவன் எந்தக் கோச்சுகிட்டப் போயிப் படிச்சான்? எவனும் விழாமப் பாத்துக்கிறதுதான் வாத்தியார் வேலை. நான் ஒரு வார்த்தைதான் சொல்வேன், "விழுந்தேன்னா தொலைச்சுப்புடுவேன்." அந்தப் பயத்துலயே ஒரு பய விழமாட்டான். விழுந்தாலும் விழுந்தேன்னு வந்து சொல்லமாட்டான்.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. பிள்ளை கரணம் போடப் போகுதுன்னா இவ பக்கத்துல போயி நின்னுக்குவா. பிடிக்கப் போறாளாக்கும்னு பாத்தா, பிடிக்கவும் மாட்டா. சும்மா கையை நீட்டிட்டு நிப்பா. பிள்ளை சுத்தி வந்து நின்னதும் கையை மடக்கிக்குவா. அடுத்த பிள்ளைக்கு மறுபடியும் நீட்டுவா. சாயங்காலம் பூரா இதே சோலி. நான் கேட்டே புட்டேன். "ஏம்மா, பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை, கோயில் வாசல்ல பிச்சை கேக்கிறவ மாதிரி இதென்ன நிப்பு?" அதுக்கு ஒரு சிரிப்பு. "தேவையில்லாமப் பிடிச்சா பிள்ளைக்கு நம்பிக்கை வராது சார். தேவைப்படற நேரம் கை அங்க இருக்கணும், அவ்வளவுதான்"னா. சும்மா நிக்கிறதுக்கு ஒரு சம்பளம், அதுக்கு ஒரு வியாக்கியானம்!

நான் படிக்கும்போது எங்க மாஸ்டர் இருந்தாரே, அவரெல்லாம் மனுசன். மேட்டுன்னா என்னன்னே தெரியாது. மணல் கொட்டச் சொல்லிக் கேட்டோம் ஒரு தடவை, "உங்கப்பன் வீட்டு மணலா?"ன்னு பிரம்பாலயே பதில் சொன்னாரு. கீழ விழுந்தா, விழுந்ததுக்குத் தனியா ரெண்டு அடி. நாங்க வளரலையா? நான் பத்தாப்பு படிக்கும்போது ஸ்டேட் மீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன் தெரியுமா. அந்த நேரம் பாத்து இந்தக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. ஒரு டைவ் அடிச்சேன், எந்திரிச்சுப் பாத்தா கழுத்து ஒரு பக்கமா நின்னுபோச்சு. பனி நாளு. காலைப் பனியில பிராக்டிஸ் பண்ணினா அப்படித்தான். எங்க கூட தவமணின்னு ஒருத்தன். அவனுக்கு அம்புட்டுத் திறமை கிடையாது. குப்புற விழுந்தவன் அதுக்கப்புறம் ஸ்கூலுக்கே வரல. அவங்க வீட்டுல ஒரு பெட்டிக்கடை வச்சுக் கொடுத்துட்டாங்க. உட்கார்ந்த இடத்துலயே வியாபாரம், கடைக்குள்ளயே கட்டில், எல்லா சாமானும் கை எட்டுற மாதிரி கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கான். ராசா மாதிரி இருக்கான். நம்மளை மாதிரி வெயில்ல அலையணுமா என்ன?

எங்க விட்டேன்? ஆங், ஆண்டு விழா.

எங்க ஸ்கூல்ல ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழாவுல கடைசி ஐட்டம் ஜிம்னாஸ்டிக்ஸ், ஜிம்னாஸ்டிக்ஸ்ல கடைசி ஐட்டம் தாண்டறது. பசங்க வரிசையா ஒட்டிக் குனிஞ்சு நிப்பானுங்க. தாண்டற ஆளு தூரத்துல இருந்து ஓடி வந்து, ஸ்பிரிங் போர்டுல ஒரே மிதி, அத்தனை பேர் முதுகுக்கு மேலயும் பறந்து, அந்தப் பக்கம் ஒரு கரணம் போட்டு இறங்கணும். வருசா வருசம் குனியற வரிசையில ஒரு பையனைச் சேர்ப்போம். போன வருசத்துக்கு இந்த வருசம் ஒண்ணு கூட. ஜனம் சத்தமா எண்ணும் தம்பி. பசங்க ஒவ்வொருத்தனா வந்து குனியக் குனிய, ஊரே கூடி எண்ணும். கடைசிப் பையன் வந்து குனியும்போது ஒரு சத்தம் வரும் பாருங்க, மயிர்க்கால் சிலிர்த்துப் போகும். ஒரு வருசம்கூட குறைச்சதில்லை. குறைச்சா நம்ம மானம் என்ன ஆகறது?

இந்தத் தடவை தாண்ட வேண்டியவ பூமாரி. ஒன்பதாப்பு படிக்கிற பிள்ளை. அப்பன் கிடையாது. ஆத்தாக்காரி தறி ஓட்டுறா, வீட்டுக்கு ஒரே பிள்ளை. அது என் கண்டுபிடிப்பு தம்பி. காம்பவுண்டுச் சுவர்ல இருந்து பூனை மாதிரி குதிச்சதைப் பாத்துட்டு, காதைப் பிடிச்சுத் திருகி ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேர்த்தவன் நான். இந்த ஷெர்லின் வந்ததுல இருந்து அது அவ பின்னாலயே சுத்த ஆரம்பிச்சிருச்சு.

அவ செக்ரட்டரி முன்னாலயே சொல்லிட்டா. "சார், இந்த வருசம் வரிசையைக் குறைச்சுக்கலாம். பிள்ளையால தாண்ட முடியும், ஆனா ஒரு அடி பிசகினா கழுத்துல இறங்கும். பாதிப் பசங்க போதும். மேட் போடணும். ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும்." பாதிப் பசங்க! ஊர் ஜனம் காறித் துப்பாது? செக்ரட்டரி என் மூஞ்சியைப் பாத்தாரு. நான் "சரிங்கய்யா, அந்தம்மா சொல்றபடியே செஞ்சுருவோம்"னுட்டேன். சொல்றதுக்கு என்ன? அன்னிக்கு விசில் யார் கையில இருக்கப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா?

விழாவுக்கு முந்தின நாள் நல்ல மழை. கிரவுண்டு பூராச் சேறு. சீஃப் கெஸ்ட் பெரிய ஆபீசர், சம்சாரத்தோட வர்றாரு. முன்வரிசையில சோபா போட்டா காலு பொதக்குன்னு உள்ள போகுது. செக்ரட்டரி தலையில கை வச்சுட்டாரு. அப்ப யாரு மூளை வேலை செஞ்சுச்சு? இந்த மூளைதான். "அய்யா, மேட் சும்மாதானே கெடக்கு"ன்னேன். மேட்டை வரிசையா விரிச்சு, மேல சிவப்புக் கம்பளம், அதுக்கு மேல சோபா. ஆடல அசையல. ஆபீசர் சம்சாரம் பட்டுச்சேலையில ஒரு துளி சேறு படல. செக்ரட்டரி என் முதுகுல தட்டிக் கொடுத்தாரு. அத்தனை வருசம் பொத்திப் பொத்தி வச்சிருந்த மேட்டுக்கு அன்னிக்குத்தான் மரியாதை.

கடைசி ஐட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால இந்த ஷெர்லின் ஓடி வர்றா. "சார், மேட் எங்க சார்?" நான் கையைக் காட்டினேன். "அதோ, ஆபீசர் உட்கார்ந்திருக்காரு பாரு, எழுப்பிட்டு எடுத்துக்கோ." பேச்சுக்குச் சொன்னேன் தம்பி. போயிட்டா! சோபாவுக்கு முன்னாலயே போயி நின்னுட்டா. குனிஞ்சு ஆபீசர்கிட்ட என்னமோ சொல்ல வாயைத் திறக்கறா, செக்ரட்டரி கண்ணாலயே ஒரு போடு போட்டாரு. மூஞ்சி செத்துப் போயித் திரும்பி வந்தா. எனக்கு உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. வேணும், நல்லா வேணும்.

திரும்பினவ நேரா பூமாரிகிட்டப் போனா. "நீ ஓடாத மக்களே. இன்னிக்கு வேண்டாம். யார் சொன்னாலும் ஓடாத." இங்க வரிசையில பசங்க குனிய ஆரம்பிச்சுட்டானுங்க, ஜனம் எண்ணிட்டு இருக்கு. போன வருசக் கணக்கைத் தாண்டி, கடைசியா ஒருத்தன் வந்து குனிஞ்சான். மைதானமே கத்துது. இந்தப் பிள்ளை நின்ன இடத்துல இருந்து என்னைப் பாக்குது, அவளைப் பாக்குது. "சார், ஜமக்காளம் நனைஞ்சிருக்கு சார். போர்டும் ஈரமா இருக்கு சார்"ங்குது. அழுகுற மாதிரி வச்சிருக்கு மூஞ்சியை. எனக்கு வந்துச்சே கோபம்! "பறக்கிறவளுக்குத் தரை எதுக்குடி?"ன்னேன். விசிலை எடுத்து ஊதினேன்.

என் விசிலுக்கு என் பிள்ளைங்க நிக்காது தம்பி. அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். யோசிக்கவே யோசிக்காது, காலு தானா ஓடும். ஓடிருச்சு.

போர்டுல மிதிக்கும்போது கால் வழுக்கிருச்சு. அது என் தப்பா? மிதிச்சது யாரு? மேல போக வேண்டியவ முன்னால போயிட்டா. கடைசிப் பையன் முதுகுல காலு தட்டுது, பிள்ளை தலைகீழா வருது. இந்த ஷெர்லின் எங்க நின்னா, எப்ப வந்தான்னு எனக்குத் தெரியாது. கை அங்க இருந்துச்சு. ஒரு கை கழுத்துக்குக் கீழ, ஒரு கை இடுப்புல. பிள்ளையை வாங்கினா, வாங்கின வேகத்துல அவ கீழ, பிள்ளை மேல. தொம்முன்னு ஒரு சத்தம்.

அப்ப என்ன ஆச்சு தெரியுமா? ஜனம் கைதட்டுச்சு! அதுவும் ஐட்டத்துல ஒண்ணுன்னு நினைச்சுட்டாங்க. ஆபீசரே எந்திரிச்சு நின்னு தட்டினாரு. பூமாரியும் எந்திரிச்சு ரெண்டு கையையும் மேல தூக்கி நின்னுச்சு. எந்திரிச்சதும் கையைத் தூக்கணும், சிரிக்கணும்னு நான் பழக்கினது. கையைத் தூக்கிட்டு நிக்குது, கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிக்குது. என்னமா ஒரு பயிற்சி பாருங்க! அந்தக் கைதட்டு எனக்குத் தம்பி. அவ பாட்டுக்கு ஜமக்காளத்துல கெடந்தா.

அவளுக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு ரெண்டா உடைஞ்சு போச்சு. மணிக்கட்டும் போச்சு. அதுக்கென்ன, கட்டுத் துணிக்கு எங்க ஊர்ல பஞ்சமா? கட்டிட்டாங்க. நான் கேக்கிறேன், பிள்ளைக்கு ஏதாவது ஆச்சா? ஒரு கீறல்? ஒரு சிராய்ப்பு? ஒண்ணும் இல்லை. அப்ப என் ஐட்டம் பத்திரமானதுதான்னு நிரூபணம் ஆச்சா இல்லையா? அடிபட்டது யாரு? ஊரான் பிள்ளைக்குப் பாதுகாப்பு பாதுகாப்புன்னு வாய் கிழியப் பேசினவ. தன்னைக் காப்பாத்திக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்தப் பேச்சுங்கிறேன். நான் இதையேதான் விசாரணையில சொன்னேன். செக்ரட்டரி, ஹெச்.எம்., எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க.

ஆனா அந்தப் பூமாரி இருக்கே, நன்றி கெட்டது. "டீச்சர் வேண்டாம்னாங்க, சார் விசில் ஊதினாங்க"ன்னு போட்டு உடைச்சிருச்சு. அதைவிடக் கொடுமை அவ ஆத்தாக்காரி. தறியில இருந்து அப்படியே வந்திருக்கா, தலை பூராப் பஞ்சு. ஒரு சத்தம் போடல. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நானும் நாலு திட்டியிருப்பேன். என் முன்னால வந்து நின்னு என்னையே பாத்தா. பாத்துட்டு, "மாஸ்டர், எம்பிள்ளை கழுத்தும் உங்க கழுத்து மாதிரி ஆயிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?"னு கேட்டா. எம்புட்டுத் திமிர் பாத்தீங்களா! படிக்காத ஜனம். என் கழுத்துக்கு என்ன? வயசானா யாருக்கும் வர்றதுதானே இது?

அன்னிக்கோட கிரவுண்டுப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் கேட்டு, ஷூ, நகம்.

அவ என்ன பண்றாங்கிறீங்க? லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருவா, சனியன் விட்டுச்சுன்னு இருந்தேன். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு வந்து நிக்கிறா. இவளால இப்ப கையை நீட்ட முடியாதுல்ல, அதனால பிள்ளைங்களுக்கே அதைக் கத்துக் கொடுத்துட்டா. பெரிய பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்களுக்குப் பக்கத்துல நிக்கணுமாம். கையை எங்க வைக்கணும், எப்ப எடுக்கணும்னு அதுக்கு ஒரு வகுப்பு. கேட்டுல இருந்து பாப்பேன். வரிசையா நாலஞ்சு பிச்சைக்காரிங்க கையை நீட்டிட்டு நிக்கிற மாதிரியே இருக்கும். அதுல முதல் ஆளு பூமாரி. பறக்க வேண்டிய பிள்ளை, அடுத்தவ பிள்ளைக்குக் கையை நீட்டிட்டு நிக்குது. அந்த மேட்டைப் பாக்கணுமே, கறுத்துப் போச்சு தம்பி! நீலம்னு சொன்னா நம்பமாட்டீங்க.

ஒரு நாள் கேட்டுல ஒரு பயலை விரட்ட விசில் ஊதினேன். அங்க கிரவுண்டுல நின்னுட்டிருந்த பூமாரி அப்படியே விறைச்சுப் போயிருச்சு. அந்த ஷெர்லின் போயி ஒத்தைக் கையால அணைச்சுக்கிட்டா. பாத்தீங்களா? எத்தனை பேர் வந்து என்ன கிழிச்சாலும், என் விசிலுக்கு இருக்கிற மரியாதை இன்னும் போகல.

கல்லுப்பட்டி தாண்டிருச்சா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, நான் ஜன்னல் பக்கம் பாக்கணும்னா எந்திரிச்சு உடம்போட திரும்பணும். தாண்டிருச்சா. சரி, இனி திருமங்கலம், அப்புறம் மதுரைதான்.

நான் எதுக்கு இப்ப மதுரைக்குப் போறேன்னு சொல்லலையே. என் மக மதுரையில இருக்கா. அவ பிள்ளை, என் பேத்தி, நேத்ரான்னு பேரு. ஒண்ணாங்கிளாஸ். அதுக்கு உடம்பு ரப்பர் மாதிரி வளையுது, அப்படியே நம்ம ரத்தம். ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கிளாஸ்ல சேர்க்கப் போறாளாம். "அப்பா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், நீங்க வந்து ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம்தான் சேர்ப்பேன்"னா. கேட்டதும் எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமே இல்லை தம்பி. சின்னக் கழுத்து. இம்புட்டுதான் இருக்கும். தலைக்கு எண்ணெய் தேய்ச்சு விடும்போது கைக்குள்ள அடங்கிரும்.

போனதும் முதல்ல மேட்டைத்தான் பாப்பேன். பாக்கிறதென்ன, குத்திப் பாப்பேன். இடது கையால குத்திக்குவேன், அது நல்லாருக்கு. இதோ, இந்த சீட்டைக் குத்திப் பாருங்க. ம், ஓங்கிக் குத்துங்க. இரும்புல தட்டுதா? தட்டுதுல்ல? இந்த மாதிரி ஒண்ணுல பிள்ளையைத் தலைகீழா விடுவீங்களா நீங்க? கைமுட்டி தரையில தட்டுச்சுன்னா அந்த நிமிசமே பேத்தியைத் தூக்கிட்டு வெளியே வந்துருவேன். அப்புறம் பக்கத்துல ஆளு நிக்குதான்னு பாப்பேன். கை எங்க இருக்குன்னு பாப்பேன். முதல்ல விழச் சொல்லிக் கொடுத்தாங்களான்னு கேப்பேன். இதெல்லாம் இல்லாம சின்னப் பிள்ளைங்க உசுரோட விளையாடறவனுங்களைச் செருப்பால அடிக்கணும்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க?

என்ன கேட்டீங்க? பூமாரிக்கு இதெல்லாம் பாத்தேனான்னா? என்ன கேள்வி இது, இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டுட்டு வந்தீங்க நீங்க? அது ஸ்கூலு. ஆண்டு விழா. இது என் பேத்தி தம்பி.

சரி விடுங்க, உங்களுக்கு எங்க புரியப் போகுது. நீங்களும் படிச்சவர் மாதிரித்தான் தெரியுறீங்க.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தப் பையைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்க. நீங்க முன்னால இறங்கிருங்க, படிக்கட்டு உசரம், நான் கீழ குனிஞ்சு பாக்க முடியாது. பிடிக்கவெல்லாம் வேண்டாம், எனக்குப் பிடிச்சா ஆகாது. சும்மா, கையை மட்டும் நீட்டிட்டுப் பக்கத்துல நில்லுங்க. ம், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. எடுத்துராதீங்க தம்பி, நான் இறங்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் கையை எடுத்துராதீங்க.